ஐஸ் கடையில் இரட்டைக் கொலை

இரண்டும் செத்துக் கிடந்தன.

சுவரோரம் பெரிய ஃப்ரீசர், பக்கத்தில் சின்னது. இரண்டுக்கும் பின்னால் சுவர் புகையேறிக் கறுத்திருந்தது. மேஜைமேல் ஐஸ்கிரீம் கடைகிற இயந்திரம். அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது. தரையில் வழிந்து காய்ந்த பாலும் சர்க்கரையும் செருப்பைப் பிடித்து இழுத்தன. கடை முழுக்கப் புளித்த நாற்றம். கல்லாவுக்கு மேலே தொங்கிய ஒற்றை பல்பு மட்டும், இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல எரிந்துகொண்டிருந்தது.

"கொன்னுட்டானுங்க அண்ணி. படுபாவிங்க, கொன்னே போட்டுட்டானுங்க."

சொன்னவள் ஐஸ் அக்கா. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ஐஸ் அக்காதான். கணவன் போன பிறகு, யார் வீட்டு அடுப்படியிலும் போய் நிற்க மாட்டேன் என்று வீம்பாக ஆரம்பித்த கடை இது.

வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டவர் அவளுடைய கணவனின் அக்கா, சர்வேயரம்மா. குடோன் எரிந்தாலும் லாரி கவிழ்ந்தாலும், நேரில் போய்ப் பார்த்து, எப்படி நாசமாயிற்று, யார் மேல் தப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. அந்த வேலையில் எத்தனையோ பொய்களைக் கேட்டுக் கேட்டு, உண்மை பேசுகிறவர்களிடமும் எரிந்து விழுகிற பழக்கம் வந்துவிட்டது.

"இன்சூரன்ஸ் எடுடின்னு எத்தன தடவ தலைபாடா அடிச்சுக்கிட்டேன்? கேட்டியா?"

"இப்ப அத சொல்லிக் காட்டத்தான் வந்தீங்களா?"

"ஆமா. அதையும் சொல்லிட்டு, என்ன நடந்ததுன்னு கேட்கவும் வந்தேன். சொல்லு."

ஐஸ் அக்கா கொட்டித் தீர்த்தாள். போன வாரம் ஒருநாள் காலையில் கரண்ட் போனது. உச்சி வெயிலில் வந்தது. வந்ததும் 'டப்'. கண்ணெதிரே புகை. உள்ளே இருந்தது முழுக்க ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கான ஐஸ்கிரீம். எல்லாம் கூழாகி ஓடிவிட்டது. மின்சார அலுவலகத்துக்கு நஷ்ட ஈடு கேட்டுப் போனால், வா, போ, நாளைக்கு வா. கடைசியில் இன்ஜினியர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் கடை வயரிங்தான் கோளாறு, எங்கள் கரண்ட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு மத்தியானம் மறுபடி வர்றாராம். இதான் கடைசிப் பார்வையாம். இன்னிக்கும் வயரிங்னு எழுதிட்டார்னா கதை முடிஞ்சுது அண்ணி. மாசக் கடைசில கடையக் காலி பண்ணிட்டு எங்கண்ணன் வீட்டு வாசல்ல போய் நிக்கணும். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா நான் செத்துருவேன்."

"சும்மா சாகறதப் பத்தி பேசாத. யார் மேல புகார் குடுத்த?"

"அன்னிக்கு இந்தத் தெருவுல வேலை பார்த்த லைன்மேன் மேல. புகார்ல என்ன சொல்லணும்னு கட்டட ஓனர்தான் சொல்லிக் குடுத்தார். ஆபீஸ் கவுன்ட்டர்ல வச்சே அவனக் கிழி கிழின்னு கிழிச்சேன். அவனைப் பெத்தவளையும் விடல. தெருவே கூட வந்து கத்துச்சு. இன்ஜினியர் அவன சஸ்பெண்ட் பண்ணிட்டார். நேத்து அவன் பொண்டாட்டி இங்க வந்து, புள்ளைங்க வயித்துல அடிச்சிட்டியேன்னு அழுதுட்டுப் போறா. அழட்டும். நான் அழலையா?"

சர்வேயரம்மா கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஃப்ரீசரின் பின்னால் குனிந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே சுருள் கம்பி கரிக்கட்டையாகியிருந்தது. அளவுக்கு மேல் கரண்ட் ஏறினால் வருகிற கரி. இரண்டிலும் அதே. கடைகிற இயந்திரத்திலும் அதே. வயரிங் கோளாறாம்! சுவருக்குள் ஓடுகிற ஒயர் எங்கிருந்து கூடுதல் கரண்ட்டைக் கொண்டுவரும்? எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாராம் அந்த இன்ஜினியர்?

"உன் வயரிங் இல்ல," என்று நிமிர்ந்தார். "வெளிய இருந்துதான் ஏறியிருக்கு."

"நான் அதத்தானே தொண்டை கிழியக் கத்தறேன்!"

அந்த நேரம் பார்த்து ஓனர் வந்தார். கட்டடம் அவருடையது. கீழே இந்தக் கடை, மேலே அவர் வீடு, வேறு குடித்தனம் கிடையாது. கையில் இரண்டு டம்ளர் காபி. நெற்றி நிறையக் கவலை.

"குடிங்கம்மா. தங்கச்சி காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கு. அந்தப் பயலுகள சும்மா விடக் கூடாதும்மா. தெருவையே திரட்டி ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான். இன்னும் பத்துத் தடவ போகணும்னாலும் போவேன்."

"பெரிய மனசு," என்றார் சர்வேயரம்மா. "உங்க வீட்டுல ஏதாவது போச்சா?"

"தெய்வாதீனமா ஒண்ணும் போகல. ஆனா அன்னிக்கு எங்களுக்கும் வந்த கரண்ட்டு ஒரு கரண்ட்டாம்மா? மத்தியானம் லைட்டு மினுக் மினுக்னு எரியுது. ஏசி உறுமுதே ஒழிய ஓடல. அவ்வளவு மங்கல். இவனுங்க அனுப்பற லட்சணம் அது."

"மங்கலா?"

"மங்கல்தான். என் சம்சாரத்தக் கேளுங்க."

"புகார்ல என்ன சொல்லணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே?"

"பின்ன? தங்கச்சிக்கு ஆத்திரத்துல முன்னப் பின்ன வருது. 'கரண்ட் வந்த உடனே வெடிச்சுது'ன்னு ஒரே வார்த்தையா சொல்லும்மா, அப்பதான் கேஸ் நிக்கும்னேன்."

"நல்ல யோசனை. உங்க மெயின் போர்டு எங்க இருக்கு?"

"பின்னால, மாடிப்படிக்கு அடியில. இரும்புக் கதவு போட்டுப் பூட்டி வச்சிருக்கேன். கண்டவனும் கை வச்சிடக் கூடாதுல்ல?"

"அன்னிக்கு லைன்மேன் அதத் தொறந்தாரா?"

"அவன் கம்பத்துலதான் தொங்கிட்டிருந்தான். சாவி என்கிட்டல்ல இருக்கு!"

சொல்லிவிட்டு, இன்ஜினியர் வரும்போது கூப்பிடுங்கள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று மாடியேறினார். ஐஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தங்கமான மனுஷன் அண்ணி. அன்னிக்கு அவரே துடைப்பம் எடுத்து இதெல்லாம் கூட்டித் தள்ளினார்."

"காபி சூப்பர்," என்றார் சர்வேயரம்மா.

எதிரே மருந்துக்கடை. கடைக்காரர் ஊசி மருந்துகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அன்றைய தினத்தைப் பற்றிக் கேட்டதும் அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கென்னவா? காலைல போன கரண்ட்டு எனக்கு விளக்கு வைக்கற நேரத்துக்குத்தான் வந்துச்சு. தெருவுல பாதிப் பேருக்கு உச்சி வெயில்லயே வந்துடுச்சு, எங்க லைன் மட்டும் வரல. ஃப்யூஸ் போயிடுச்சு, சாமான் வரணும்னு சொல்லிட்டானுங்க. ஊசி மருந்தெல்லாம் சூடாயிடுமேன்னு ஐஸ்கட்டி வாங்க அக்கா கடைக்கு ஓடறேன், அங்க ஒரே புகை. அக்கா தலையில அடிச்சுக்கிட்டு நிக்கறாங்க."

"அந்த நேரத்துல உங்க கடையில கரண்ட் இல்ல?"

"பொட்டுக் கரண்ட் இல்ல."

"'எங்க லைன்'னு சொன்னீங்களே, அதுல வேற யாரு?"

"நாலஞ்சு வீடு இருக்கும். நான், பக்கத்துல தையல்கடை, எதிர்ல ஓனர் வீட்டு மாடி. எனக்குக் கரண்ட் போனா அவருக்கும் போகும். ரெண்டு பேரும் எதிரும் புதிருமா மெழுகுவத்தி ஏத்திட்டு உக்காந்திருப்போம். ஐஸ் அக்காவுக்கு வேற லைன், அவங்களுக்கு வந்துடும். அதப் பார்த்தாலே ஓனருக்கு வயிறு எரியும். என் கட்டடத்துல எனக்கே இல்லாத கரண்ட்டான்னு கேட்பார்." சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வரும்போது காது மடல் சிவக்கும். அது சிவக்க ஆரம்பித்திருந்தது.

கடைக்குத் திரும்பியதும், "எந்திரி," என்றார் ஐஸ் அக்காவிடம். "அன்னிக்கு நீ செஞ்சத அப்படியே நடிச்சுக் காட்டு. யாரும் சொல்லிக் குடுத்ததச் சொல்லாத. கையும் காலும் என்ன பண்ணுச்சோ அதச் செய்."

"எனக்கு இருக்கற நெலமைல நாடகம் வேறயா?"

"செய்யுடி!"

ஐஸ் அக்கா முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். "கரண்ட் போச்சா? உடனே பெரிய ஃப்ரீசர் ஸ்விட்ச ஆஃப் பண்ணுவேன். சின்னதையும். மெஷினையும். கரண்ட் திரும்பி வரும்போது குதிச்சுக்கிட்டு வரும், எல்லாத்தையும் அணைச்சு வைன்னு ஃப்ரீசர் வித்தவர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார். பல்ப மட்டும் போட்டு வைப்பேன், வந்துடுச்சான்னு தெரியணுமே."

"பல்பு எரிஞ்சுது. அப்புறம்?"

"உடனே எதையும் போட மாட்டேன். கொஞ்சம் நிலையா நிக்கட்டும்னு கழுவ வேண்டிய ஏனத்தக் கழுவி முடிச்சேன். பல்ப அணைச்சேன், பட்டப்பகல்ல எதுக்கு? பெரிசப் போட்டேன். சின்னதப் போட்டேன். ரெண்டும் சமத்தா ஓடுச்சு. மெஷின்ல பால ஊத்தி ஓட விட்டேன். பால் பாதி கெட்டியாற நேரம்... டப்..."

அவள் கை அந்தரத்தில் நின்றது. மறுபடி அந்தப் புகையைப் பார்த்தவள் மாதிரி நின்றாள்.

"இந்த பல்ப எப்ப மாத்தின?"

"மாத்தலையே. ரொம்ப நாளா அதேதான் தொங்குது. ஏன் அண்ணி, மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?"

"இன்ஜினியர் வரட்டும்," என்றார் சர்வேயரம்மா.

இன்ஜினியர் மூன்று மணிக்கு மேல் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கும்போதே கையில் பேனா. கடைக்குள் காலை வைக்காமல் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"அதான் போன தடவையே சொன்னேனேம்மா, உள் வயரிங்னு."

"எதத் தொறந்து பார்த்துட்டு சார் சொன்னீங்க?" என்றார் சர்வேயரம்மா.

"நீங்க யாரு?"

"இவளுக்கு அண்ணி. நாசமானதைப் பார்த்து நியாயம் சொல்றது என் தொழில். கேட்டதுக்குப் பதில்."

அதற்குள் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி. "கேளுங்கம்மா, நல்லா கேளுங்க! ஏழை வயித்துல அடிக்கறானுங்க!" என்று ஓனர் குரலை உயர்த்த, எதிர்க்கடையிலிருந்து மருந்துக்கடைக்காரரும் வந்து சேர்ந்தார்.

சர்வேயரம்மா கல்லாவுக்கு மேலே கையை நீட்டினார்.

"எல்லாரும் இந்த பல்பப் பாருங்க. நல்லா எரியுது இல்ல? கரண்ட் வந்த உடனே இந்தக் கடையில அளவுக்கு மேல ஏறிச்சுன்னா, முதல்ல போயிருக்க வேண்டியது இதுதான். அந்த நேரத்துல இங்க ஸ்விட்ச் போட்டிருந்தது இது ஒண்ணுதான். இவ மத்ததை எல்லாம் அணைச்சு வச்சிருந்தா. பல்பு சாகல. அப்ப வந்த கரண்ட்டு நல்ல கரண்ட்டு. ஏனம் கழுவி முடிக்கற வரைக்கும் நல்ல கரண்ட்டு. பாதி ஐஸ்கிரீம் ஆகற வரைக்கும் நல்ல கரண்ட்டு. பல்ப அணைச்ச பிறகுதான், ஓடிட்டு இருந்த மூணும் செத்துச்சு."

இன்ஜினியரின் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே சொல்லல? எங்க சப்ளை..."

"இருங்க, உங்க கிட்டயும் வர்றேன். உங்களுக்கும் பாக்கி இருக்கு." அவர் ஓனரின் மனைவியைப் பார்த்தார். "அம்மா, அன்னிக்கு மத்தியானம் உங்க வீட்டுல கரண்ட் எப்படி வந்துச்சு?"

அந்த அம்மாள் வெகுளி. "மினுக்கு மினுக்குன்னு வந்துச்சுங்க. இவர் ஏசியப் போட்டார், கீசரையும் போட்டார். ஒண்ணும் உருப்படியா ஓடல. அப்புறம் கீழ டப்புன்னு சத்தம். இவர் ஓடினார். கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு."

"எதிர்க்கடையில அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இல்ல. அவரும் நீங்களும் ஒரே லைன். அவருக்கு வராத கரண்ட்டு உங்களுக்கு மட்டும் எப்படிம்மா மத்தியானமே வந்துச்சு?"

அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள்.

ஓனர் சிரிக்க முயன்றார். "அது... வந்து... சில நாள் அப்படி..."

"நான் சொல்லட்டுமா? கீழ கரண்ட் வந்துடுச்சு, மேல வரல. உங்களுக்குப் பொறுக்கல. படிக்கட்டுக்கு அடியில போனீங்க. செத்த லைன்ல இருந்து உங்க வீட்டு ஒயரப் பிடுங்கி, உயிரோட இருந்த, கடையோடதும் இல்லாத மூணாவது லைன்ல மாத்தி மாட்டினீங்க. இந்த வேலைய எத்தனையோ பேர் பண்றாங்க, உங்களுக்கும் அது புதுசில்ல. ஆனா அன்னிக்கு இழுத்த இழுப்புல, கரண்ட்டு திரும்பிப் போறதுக்குக் கடைக்கும் வீட்டுக்கும் பொதுவா இருக்கற நியூட்ரல் கம்பி கழண்டுகிச்சு. அது கழண்டா என்ன ஆகும் இன்ஜினியர் சார்? நீங்களே சொல்லுங்க. அதாவது தெரியுமா?"

இன்ஜினியர் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு பக்கம் வோல்டேஜ் குறையும். இன்னொரு பக்கம் ஏறும்."

"அதிகமா இழுக்கற பக்கம் மங்கும். அது ஏசியும் கீசரும் ஓடின மாடி. ஏறின பக்கம் இந்தக் கடை. ஒரே கட்டடம், ஒரே நேரம், மேல மங்கல், கீழ நெருப்பு. தெருக்கம்பத்துல கோளாறுன்னா இந்த ஒரு கட்டடத்தோட நிக்காது. மங்கலா வந்துச்சுன்னு காபியோட சேர்த்து நீங்களே குடுத்த சாட்சி ஓனர் சார். கதவத் தொறங்க."

"சாவி எங்கயோ..."

"மடியில இருக்குங்க," என்றாள் மனைவி. அவள் குரலில் வெகுளித்தனம் போய்விட்டிருந்தது.

இரும்புக் கதவு திறந்தது. நியூட்ரல் கட்டையின் ஒரு முனை கருகி, பக்கத்தில் பளபளவென்று புதுத் திருகாணி. மாடி ஒயரில் புதிதாகச் சுற்றிய கறுப்பு டேப். இன்ஜினியர் குனிந்து பார்த்தார். பேனாவை மூடினார்.

ஓனர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "வேணும்னா பண்ணேன்? சத்தம் கேட்டதும் ஓடி வந்து முறுக்கிட்டேன். சொல்லலாம்னுதான் இருந்தேன். தங்கச்சி அழுததப் பார்த்ததும் வாய் வரல. ஆபீஸ்காரன் குடுத்துட்டா அவனுக்கு என்ன குறைஞ்சிடப் போகுதுன்னு..."

"அதனால தெருவையே திரட்டி ஊர்வலம் போனீங்களா?" சர்வேயரம்மாவின் காது ரத்தச் சிவப்பாக இருந்தது. "'வந்த உடனே'ன்னு இவ வாயில திணிச்சீங்களே, அது எதுக்கு? கொஞ்ச நேரம் கழிச்சுன்னு சொன்னா எவனாவது இந்தக் கதவத் தொறக்கச் சொல்லுவான்னுதானே?"

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "ஆக, எங்க பக்கம் தப்பில்லைன்னு..."

"தப்பில்லையா? ஒரு லைன் நாள் பூரா வரலைன்னு உங்களுக்குத் தெரியும். இந்தப் பூட்ட ஒரு தடவ தொறக்கச் சொல்லியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். தொறக்கல. வாசல்ல நின்னு வயரிங்னு ஒரு வார்த்தை. அதே கையோட, தெருக்காரங்க வாய மூடறதுக்கு ஒருத்தன் வேலையப் பிடுங்கினீங்க. கரண்ட்டு நல்ல கரண்ட்டுன்னா அவன எதுக்கு சார் சஸ்பெண்ட் பண்ணீங்க? ரெண்டுல எது பொய்?"

இன்ஜினியர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

நஷ்ட ஈட்டுப் பேச்சு படிக்கட்டிலேயே முடிந்தது. பேசியது ஓனரல்ல, அவர் மனைவி. இரண்டு ஃப்ரீசர், ஒரு மெஷின், உருகிப்போன சரக்கு, எல்லாம் இந்த வாரத்துக்குள் புதிதாக வந்து இறங்கும். அதுவரை மாடியில் இருக்கிற ஃப்ரிட்ஜ் கீழே வரும். "வரலைன்னா நானே சாட்சி சொல்றேங்க," என்றாள். ஓனர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டி முடித்துவிட்டு, இன்ஜினியர் வந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நின்ற ஐஸ் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"அதான் எல்லாம் குடுத்துடறேனே தங்கச்சி. இதோட விட்டுடும்மா. வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

ஐஸ் அக்கா கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. கடைக்குள் போனாள். ஈரத் துணியில் கையைத் துடைத்தாள். வெளியே வந்து ஷட்டரை ஓங்கி இழுத்து இறக்கினாள்.

"அந்த லைன்மேனோட அம்மாவ நான் என்னென்ன சொன்னேன் தெரியுமாண்ணே? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. 'இன்னும் சொல்லு, விடாத'ன்னு முதுகுல தட்டிக் குடுத்தீங்களே. அந்தம்மா உயிரோட இருக்கா, செத்துட்டாளான்னுகூட எனக்குத் தெரியாது. அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். ஃப்ரீசர் நீங்க வாங்கித் தருவீங்க. என் வாயில இருந்து வந்தத யாரு திருப்பி வாங்கறது?"

ஓனர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"எந்திரிங்க. ஜீப் ஆபீஸுக்குத்தான் போகுது, நாமளும் ஏறிக்கலாம். அதே கவுன்ட்டர். அவன் வேலை திரும்பக் கிடைக்கற வரைக்கும் நீங்களும் நானும் அங்கதான். முதல்ல நீங்க நடந்ததச் சொல்லணும், அப்புறம் நான் மன்னிப்புக் கேட்பேன்."

"சரிம்மா, சரிம்மா... இன்ஜினியர் சார் ரூமுக்குள்ள போய் மெதுவா..."

"மெதுவா இல்ல," என்றாள் ஐஸ் அக்கா. "அன்னிக்கு நான் கத்தின சத்தத்துல."